நாற்பதும் பத்தும்: கணக்கு வாத்தியார் வேதாசலம்

திண்டிவனத்திலிருந்து காலையில் விழுப்புரம் வந்து சேரும் முதல் பஸ்ஸின் கண்டக்டர்தான் சேதியைக் கொண்டுவந்தார். நான் பள்ளிக்கூடத்துக்குக் கிளம்பிச் செருப்பை மாட்டிக்கொண்டிருந்தேன். வாசலில் நின்றபடியே, "பண்டிதரே, கணக்கு வாத்தியாரு தவறிட்டாருங்க. ஆறுமுகம் உங்ககிட்ட ஜல்தியா சொல்லச் சொன்னாரு. சாயங்காலம் எடுக்கறாங்களாம்" என்று சொல்லிவிட்டு, வண்டி நிற்கிறது என்று ஓடிவிட்டார். பெயரை அவர் சொல்லவில்லை. சொல்ல வேண்டிய அவசியமும் இல்லை. இந்த இரண்டு ஊர்களிலும் கணக்கு வாத்தியார் என்றால் அது வேதாசலம் அவர்கள் ஒருவர்தான்.

அவரிடம் படித்து சர்க்கார் குமாஸ்தா ஆனவர்கள் சேர்ந்து ஒரு சிறிய நினைவு மலர் போடுகிறார்கள். "அவரோட வேல செஞ்சவரு நீங்க. நாலு நல்ல வார்த்த எழுதிக் குடுங்க" என்று ஆறுமுகம் கேட்டார். நல்ல வார்த்தை என்னிடம் நிறையவே இருக்கிறது. கெட்ட வார்த்தையும் இருக்கிறது. அது வேதாசலம் அவர்களைப் பற்றியது அல்ல. இரண்டையும் சேர்த்தே எழுதுகிறேன். போடுவதென்றால் முழுவதும் போடட்டும், இல்லையென்றால் அடுப்பில் போடட்டும்.

அவர் கெடாரில் ஒரு விவசாயக் குடும்பத்தில் பிறந்தவர். ஆசிரியப் பயிற்சி முடித்துவிட்டு வேலை கிடைக்காமல் அலைந்தபோது, திண்டிவனத்தில் ஒரு டுடோரியலில் கணக்கு சொல்லிக்கொடுக்க வந்து சேர்ந்தார். நான் அங்கே தமிழும் பொது அறிவும் எடுத்துக்கொண்டிருந்தேன். அதனால்தான் எனக்குப் பண்டிதர் என்ற பெயர். வகுப்பு நடந்த இடம் மல்லாட்டை, அதாவது வேர்க்கடலை, மூட்டை அடுக்கிய ஒரு கிடங்கின் மேல்மாடி. கீழே மூட்டை இறக்கினால் மேலே கரும்பலகை அதிரும். படிக்க வந்தவர்கள் எல்லாரும் வளர்ந்த ஆட்கள். சிலருக்குப் பிள்ளைகுட்டிகள்கூட உண்டு. சர்க்கார் குமாஸ்தா பரீட்சையில் தேறினால் மாதச் சம்பளம், தேறாவிட்டால் மறுபடியும் நிலத்துக்கோ கடலுக்கோ போக வேண்டியதுதான்.

அந்தப் பரீட்சையின் கணக்குத் தாளில் ஒவ்வொரு தடவையும் ஒரு சராசரிக் கணக்கு வரும். இரண்டு கூட்டம் இருக்கும். ஒவ்வொரு கூட்டத்துக்கும் ஒரு சராசரி இருக்கும். இரண்டையும் சேர்த்தால் என்ன சராசரி, அல்லது ஒரு கூட்டத்தில் எத்தனை பேர் என்று கேட்பார்கள். நம் ஆட்கள் கொத்துக் கொத்தாக விழுந்தது அந்தக் கணக்கில்தான். காரணம், எல்லாரும் இரண்டு சராசரியையும் கூட்டி இரண்டால் வகுத்துவிட்டு, வேலை முடிந்ததென்று அடுத்த கேள்விக்குப் போய்விடுவார்கள்.

வேதாசலம் அவர்கள் வந்த முதல் வாரத்தில் நடந்தது எனக்கு நன்றாக ஞாபகம் இருக்கிறது. வானூர்ப் பக்கத்திலிருந்து வந்த ஆறுமுகம், இந்த மலரைப் போடுகிற அதே ஆறுமுகம்தான், அப்போது மூன்றாவது தடவையாகப் பரீட்சைக்குப் படித்துக்கொண்டிருந்தார். அவரை எழுப்பி வேதாசலம் அவர்கள் கேட்டார்:

"ஒங்க ஊட்ல கல்யாணம். பொண்ணு ஊட்டுக்காரங்க நாப்பது பேரு, ஆளுக்கு ரெண்டு இட்லி துன்றாங்க. மாப்ள ஊட்டுக்காரங்க பத்து பேரு, ஆளுக்கு ஏழு இட்லி. சராசரி ஒரு ஆளுக்கு எத்தினி இட்லி?"

"ரெண்டும் ஏழும் ஒம்பது. ரெண்டால வகுத்தா நாலரை, சார்."

"அம்பது பேருக்கு நாலரைன்னா மொத்தம் எத்தினி சுடணும்?"

ஆறுமுகம் விரல் விட்டு எண்ணி, "எரநூத்தி இருவத்தஞ்சி" என்றார்.

"துன்னது எவ்ளோ? நாப்பது பேரு எம்பது, பத்து பேரு எழுவது. ஆக நூத்தி அம்பது. மிச்சம் எழுவத்தஞ்சி இட்லிய யாரு துன்றது? நீயா?"

மாடி முழுவதும் சிரித்தது. ஆறுமுகமும் சிரித்தார். நூற்றைம்பதை ஐம்பதால் வகுத்து, ஆளுக்கு மூன்று என்று அவரே பலகையில் எழுதினார். "சராசரியப் பாக்காத. எத்தினி பேருன்னு பாரு. ஆளு எந்தப் பக்கம் அதிகமோ, அந்தப் பக்கம்தான் சராசரி சாயும்" என்றார் வேதாசலம் அவர்கள். பிறகு அதே கணக்கைத் திருப்பிப் போட்டார். ஏழு இட்லி தின்றவர்கள் எத்தனை பேர் என்று தெரியாது, மொத்தம் ஐம்பது பேர், சராசரி மூன்று. "தெரியாத ஆளுக்கு மொதல்ல ஒக்கார எடம் குடு. எக்ஸ்னு பேரு வையி. அவன ஒக்கார வெச்சிட்டா மத்தவங்க அம்பதுல எக்ஸ் போக மிச்சம். அப்பறம் அவனே வாயத் தொறந்து நான் பத்து பேருன்னு சொல்லுவான்." ஏழு எக்ஸ், அதோடு ஐம்பதில் எக்ஸ் போன மிச்சத்துக்கு இரண்டிரண்டு, மொத்தம் நூற்றைம்பது. ஐந்து எக்ஸ் ஐம்பது. எக்ஸ் பத்து. ஆறுமுகம் அந்த வருடம் தேறினார்.

அவரிடம் இன்னொரு குணமும் உண்டு, அதைச் சொல்லாமல் அவரைப் பற்றி எழுதினால் பொய் எழுதினது ஆகும். அவர் எதையும் மறக்க மாட்டார். தன்னிடம் வம்பு வைத்துக்கொண்டவர் ஒரு வாரத்துக்குள் ஏதாவது ஒரு கணக்கில் வந்துவிடுவார். விக்கிரவாண்டியில் ரோட்டோர டீக்கடைக்காரர் ஒருவர், பாலில் தண்ணீர் அதிகம் என்று சொன்னதற்கு அவரைப் பத்துப் பேர் முன்னால் கேலி பேசிவிட்டார். மறுநாள் வகுப்பில், "விக்கிரவாண்டியில் புளியமரத்துக்கு எதிர்க்கடைக்காரர் பத்துப் படி பாலில் எக்ஸ் படி தண்ணீர் கலக்கிறார்" என்று ஒரு கணக்கு வந்தது. அந்த ஊர்க்காரர்கள் நான்கு பேர் அதை நோட்டில் எழுதிக்கொண்டு போனார்கள். பத்து நாளில் கடைக்காரரே மாடியேறி வந்துவிட்டார்.

"சார், ஊரே பேஜாரு பண்ணுது. என்ன அந்தக் கணக்குலேர்ந்து எடுத்துடுங்க."

"நீ பாலுலேர்ந்து தண்ணிய எடுய்யா, நான் கணக்குலேர்ந்து ஒன்ன எடுக்கறேன்" என்றார் வேதாசலம் அவர்கள்.

அப்போது எனக்கு அது வேடிக்கையாக இருந்தது.

டுடோரியல் முதலாளியைப் பற்றி இனிச் சொல்ல வேண்டும். பெயர் எழுதப்போவதில்லை. எழுதினால் அது அவருக்கு ஓசி விளம்பரமாகிவிடும். அவருக்குத் திண்டிவனத்தில் ஒரு கிளை, விழுப்புரத்தில் ரயிலடிக்குப் பக்கத்தில் ஒரு கிளை. விழுப்புரத்தில் கணக்கு எடுத்தவர் அவருடைய அக்கா மகன் பாலு. பாலு மீது எனக்குக் கோபம் இல்லை. கோபப்படும் அளவுக்கு அவரிடம் எதுவும் இல்லை. மருமகனுக்குப் பெயர் வாங்கிக் கொடுக்க வேண்டும் என்று முதலாளி ஒரு காரியம் செய்தார். புதிதாக எஸ்.எஸ்.எல்.சி. முடித்து, நல்ல மார்க்கோடு வருகிறவர்களை விழுப்புரத்துக்கு அனுப்புவார். ஏற்கெனவே பரீட்சையில் தவறி மறுபடியும் வருகிறவர்களை, அவர்களைப் பழையவர்கள் என்போம், திண்டிவனத்தில் வேதாசலம் அவர்கள் தலையில் கட்டுவார். அவர் அதற்காக முகம் சுளித்ததே இல்லை. "தோத்தவனுக்குத்தான் வாத்தியாரு வேணும்" என்பார்.

யார் புதியவர், யார் பழையவர் என்று ரிஜிஸ்டரில் எழுதும் வேலை என்னுடையது. இரண்டு கிளைக்கும் நான்தான் எழுதினேன். ஐம்பத்தாறாம் வருடம் ஒவ்வொரு கிளையிலும் ஐம்பது பேர். திண்டிவனத்தில் பழையவர்கள் நாற்பது பேர், விழுப்புரத்தில் பத்துப் பேர். என் கையெழுத்தில் இருந்தது அது.

பரீட்சை முடிவு வந்தது. முதலாளி மார்க்குகளை வாங்கிச் சராசரி போட்டு, ரோஸ் நிறத் தாளில் துண்டு நோட்டீஸ் அச்சடித்தார். கணக்குத் தாளில் விழுப்புரத்துப் புதியவர்கள் சராசரி 65, பழையவர்கள் 40, மொத்தச் சராசரி 60. திண்டிவனத்தில் புதியவர்கள் 70, பழையவர்கள் 45, மொத்தம் 50. கடைசி எண் மட்டும் கொட்டை எழுத்தில். எத்தனை பேர் பழையவர்கள் என்று நோட்டீஸில் எங்கும் இல்லை. தவறினதை யாரும் நெற்றியில் எழுதி ஒட்டிக்கொள்வதில்லை, ஆகையால் பார்த்தாலும் தெரியாது.

நன்றாகக் கவனிக்க வேண்டும். புதியவர்களை ஒப்பிட்டால் வேதாசலம் அவர்கள் ஐந்து மார்க் மேல். பழையவர்களை ஒப்பிட்டாலும் ஐந்து மார்க் மேல். இரண்டிலும் மேலே இருந்தவர் மொத்தத்தில் பத்து மார்க் கீழே போனார். நாற்பது பழையவர்களை அவர் சுமந்தார், பாலு பத்துப் பேரைச் சுமந்தார், அவ்வளவுதான் விஷயம்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை விழுப்புரம் கிளையில் பாராட்டுக் கூட்டம் நடந்தது. படித்தவர்கள், படிக்கப்போகிறவர்கள், அவர்களைச் சேர்க்க வந்த அப்பன்மார்கள் எல்லாரும் உட்கார்ந்திருந்தார்கள். முதலாளி நோட்டீஸைக் கையில் வைத்துக்கொண்டு எழுந்தார்.

"விழுப்புரம் அறுவது. திண்டிவனம் அம்பது. இன்னா வேதாசலம், கிளாஸ் எடுத்தீங்களா, வேடிக்க பாத்துக்கினு இருந்தீங்களா?"

வேதாசலம் அவர்கள் எழுந்தார். "அங்க பழைய ஆளுங்க எத்தினி பேரு, இங்க எத்தினி பேருன்னு சொல்லிட்டுப் பேசுங்க முதலாளி."

"அங்கயும் அம்பது, இங்கயும் அம்பது. அதுக்கு மேல இன்னா?"

வேதாசலம் அவர்கள் என் பக்கம் திரும்பினார். "பண்டிதரே, ரிஜிஸ்டர் எழுதனவரு நீங்கதான? சொல்லுங்க."

இந்த இடத்தை எழுதுவதற்குத்தான் இந்தக் கட்டுரையை எழுத ஒப்புக்கொண்டேன். விழுப்புரம் கிளைக்கு என்னை மேலாளராகப் போடுவதாக முதலாளி அதற்கு முந்தின வாரம்தான் சொல்லியிருந்தார். எனக்குக் கல்யாணம் ஆகி ஒரு வருடம். "சட்டுனு ஞாபகம் வரலீங்க" என்றேன்.

வேதாசலம் அவர்கள் என்னை ஒரு நொடி பார்த்தார். பிறகு பக்கத்தில் இருந்தவரிடம் பென்சில் வாங்கி, நோட்டீஸின் பின்பக்கத்தில் எழுதினார். எழுதிக்கொண்டே உரக்கச் சொன்னார். "விழுப்புரத்துப் பழைய ஆளுங்க எக்ஸ். ஆளுக்கு நாப்பது, நாப்பது எக்ஸ். மிச்சப் பேருக்கு அறுவத்தஞ்சி. மொத்தம் அம்பது பேருக்கு அறுவது, அது மூவாயிரம். எல்லாரும் புது ஆளா இருந்திருந்தா மூவாயிரத்தி எரநூத்தி அம்பது வந்திருக்கணும். எரநூத்தி அம்பது கொறையுது. ஒரு பழைய ஆளு வந்தா இருவத்தஞ்சி கொறையும். எக்ஸ் பத்து. தம்பிகிட்ட பழைய ஆளுங்க பத்தே பேரு. என்கிட்ட நாப்பது பேரு."

ரிஜிஸ்டரைப் பார்க்காமல், முதலாளியின் நோட்டீஸிலிருந்தே முதலாளி மறைத்ததை எடுத்துவிட்டார். கூட்டத்தில் ஒரு சலசலப்பு. முதலாளி அசரவில்லை.

"தாள்ல இன்னா வேணா எழுதலாம். சாட்சி யாரு?"

எல்லாரும் என்னைப் பார்த்தார்கள். நான் குனிந்து என் செருப்பு வாரைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

மறுநாளிலிருந்து வேதாசலம் அவர்கள் வரவேண்டாம் என்று சொல்லப்பட்டது. விழுப்புரம் கிளைக்கு நான் மேலாளர் ஆனேன்.

அதோடு விட்டிருந்தாலும் பரவாயில்லை. திண்டிவனத்தில் ஒரு பள்ளிக்கூடத்தில் கணக்கு ஆசிரியர் வேலை காலியாக இருந்தது. நிரந்தர வேலை. வேதாசலம் அவர்கள் விண்ணப்பம் போட்டார். பள்ளி நிர்வாகி, முன்பு வேலை செய்த இடத்தில் விசாரித்தார். முதலாளி கடிதம் எழுதினார், இவருக்குச் சொல்லிக்கொடுக்க வராது, வேண்டுமானால் சராசரியைப் பாருங்கள் என்று. ரோஸ் நோட்டீஸையும் கூடவே இணைத்திருந்தார்.

அப்போதுதான் வேதாசலம் அவர்கள் விழுப்புரம் வந்து, ரயிலடியில் என்னைத் தனியாகச் சந்தித்தார். "பள்ளிக்கூடத்துக்கு ஒரு லெட்டர் எழுதுங்க பண்டிதரே. ரெண்டே வரி போதும். இங்க நாப்பது பேரு, அங்க பத்து பேருன்னு. நான் கணக்கா சொன்னா நம்ப மாட்டேங்கறாங்க. பாத்த ஆளு வேணுமாம்."

"ரிஜிஸ்டர் இப்ப முதலாளிகிட்ட இருக்குதே" என்றேன்.

"உங்க வாய் உங்ககிட்டதான இருக்குது?"

"பாக்கலாங்க" என்றேன். பத்து நாள் பார்த்தேன். வேலை வேறொருவருக்குப் போய்விட்டது.

அந்த வருடக் கடைசியில் அவர் ஒரு சிறு புத்தகம் போட்டார். முழுக்கச் சராசரிக் கணக்குகள். பரீட்சைக்குப் படிக்கிறவர்களுக்கு அதைப்போல வேறு புத்தகம் கிடையாது என்று என் விரோதி கேட்டாலும் சொல்வேன். இரண்டு ஊர் பஸ் ஸ்டாண்டுக் கடைகளிலும் வைத்திருந்தார்கள். நடுப்பக்கத்தில் ஒரு கணக்கு:

"ஒரு முதலாளிக்கு இரண்டு ஊர்களில் இரண்டு வகுப்புகள். ஒவ்வொன்றிலும் ஐம்பது பேர். வடக்கூரில் புதியவர் சராசரி 70, பழையவர் சராசரி 45, மொத்தச் சராசரி 50. தெற்கூரில் அவை முறையே 65, 40, 60. எனில் ஒவ்வோர் ஊரிலும் பழையவர் எத்தனை பேர்? முதலாளி எந்த ஆசிரியரை வேலையை விட்டு நீக்கியிருப்பார்? (இரண்டாம் கேள்விக்கு மதிப்பெண் இல்லை.)"

இதை எங்கள் விழுப்புரம் கிளையில் பலகையில் போட்டவர் யார் தெரியுமா? பாலு! பரீட்சைக்கு உதவும் என்று பிள்ளைகள் யாரோ புத்தகத்தைக் கொண்டுவந்திருக்கிறார்கள். பாலு அதை வாங்கி, எந்தக் கணக்கு என்று பார்க்காமல் வரிவரியாகப் பலகையில் செய்யத் தொடங்கிவிட்டார். நான் அலுவலக அறையில் இருந்து ஜன்னல் வழியாகப் பார்த்துக்கொண்டிருந்தேன். வடக்கூர், எக்ஸ் நாற்பது. தெற்கூர், எக்ஸ் பத்து. அடிக்கோடு வேறு இழுத்தார். வகுப்பில் பாதிப் பேர் பாராட்டுக் கூட்டத்தில் இருந்தவர்கள். முன்வரிசையில் ஒருவர் ரோஸ் நோட்டீஸைப் பையிலிருந்து எடுத்து, பலகையையும் அதையும் மாறி மாறிப் பார்த்தார். பிறகு அது கை மாறிக்கொண்டே பின்வரிசை வரை போனது.

"சார், ரெண்டாவது கேள்விக்கு விடை?" என்று யாரோ கேட்டார்கள்.

"அதுக்கு மார்க் இல்லப்பா" என்றார் பாலு. அப்போது வாசற்படியில் முதலாளி நின்றுகொண்டிருந்தார்.

"யார்ரா இந்தப் புஸ்தகத்த உள்ள எடுத்தாந்தது!" என்று அவர் போட்ட சத்தத்தில் பாலு கையிலிருந்த சாக்பீஸ் கீழே விழுந்தது. அந்த வாரமே பதினேழு பேர் எங்கள் கிளையை விட்டுத் திண்டிவனத்துக்குப் பஸ் ஏறிவிட்டார்கள். அங்கே வேதாசலம் அவர்கள் வீட்டுக்குப் பின்னால் ஒரு கீற்றுக் கொட்டகை போட்டு வகுப்பு தொடங்கியிருந்தார். முதலாளி வெறிபிடித்தவர்போல ஆள் அனுப்பி, இரண்டு பஸ் ஸ்டாண்டுகளிலும் கிடைத்த புத்தகங்களையெல்லாம் வாங்கிவரச் செய்து, டுடோரியல் கொல்லையில் போட்டுக் கொளுத்தினார். புத்தகம் இவ்வளவு வேகமாக விற்கிறதே என்று அச்சகக்காரர் சந்தோஷப்பட்டு இரண்டாம் பதிப்புக்குத் தாள் வாங்கிவிட்டார். அன்று நான் மனத்துக்குள் சிரித்த சிரிப்பு எனக்கு இன்னும் இனிக்கிறது.

இரண்டாம் பதிப்பு வந்தது. பாலு பலகையில் போட்ட கணக்கு அப்படியே இருந்தது. கடைசிப் பக்கத்தில் புதிதாக ஒன்று சேர்ந்திருந்தது.

"ஒரு கூட்டத்தில் ஐம்பது பேர். துணிவில் அவர்கள் சராசரி 50 மதிப்பெண். துணிவில் 90 மதிப்பெண் உடையவர்கள் என்று ஊர் நம்பிய தமிழ்ப் பண்டிதர்கள் எக்ஸ் பேர் அந்தக் கூட்டத்துக்கு வந்து சேர்ந்தனர். அதன் பிறகும் சராசரி 50 ஆகவே இருந்தது. எனில் வந்தவர்கள் எத்தனை பேர்?"

போட்டுப் பார்த்தேன். நாற்பது எக்ஸ் சமம் பூஜ்யம் என்று வந்தது. எங்கோ தப்பு என்று மறுபடியும் போட்டேன். விடை பூஜ்யம்தான். யாரும் வரவில்லை. நான் அன்று அந்தப் பாராட்டுக் கூட்டத்தில் நாற்காலியில் உட்கார்ந்திருந்தேன், ஆனால் நான் வரவில்லை.

டீக்கடைக்காரரைப்போல நானும் அவரைத் தேடிப் போனேன். அவருடைய மனைவி ராஜேஸ்வரி அம்மாள் மோர் கொண்டுவந்து வைத்துவிட்டு உள்ளே போனார்கள். அவர் விடைத்தாள் திருத்திக்கொண்டிருந்தார்.

"கணக்கு போட்டுப் பாத்தீங்களா?"

"பாத்தேன்."

"விடை?"

"பூஜ்யம்."

"சரி" என்றார். ஒரு தாளைத் திருத்தி முடித்துவிட்டு, "மோர் குடிங்க" என்றார். டீக்கடைக்காரரிடம் சொன்னதைப்போல என்னிடமும் ஏதாவது நிபந்தனை சொல்வார் என்று காத்திருந்தேன். சொல்லவே இல்லை. அதற்குப் பிறகு எங்கே பார்த்தாலும் மரியாதையாக நலம் விசாரிப்பார். அந்த மரியாதையைவிட அவர் என்னை நாலு பேர் முன்னால் அறைந்திருக்கலாம்.

பின்னால் எனக்கு விழுப்புரத்தில் ஒரு பள்ளிக்கூடத்தில் தமிழாசிரியர் வேலை கிடைத்தது. முதலாளிதான் சிபாரிசுக் கடிதம் எழுதினார். "சொன்னபடி நடப்பவர்" என்று அதில் எழுதியிருந்தார். அவர் எழுதிய கடிதங்களில் உண்மையான கடிதம் அது ஒன்றுதான்.

வேதாசலம் அவர்கள் கடைசிவரை கீற்றுக் கொட்டகையிலேயே இருந்தார். நிரந்தர வேலை கிடைக்கவில்லை. மரக்காணத்து மீனவர் வீட்டுப் பிள்ளைகள், கெடார்ப் பக்கத்து விவசாயிகள் என்று தாலுகா ஆபீஸ்களில் இன்று உட்கார்ந்திருக்கிற எத்தனையோ பேர் அந்தக் கொட்டகையிலிருந்து போனவர்கள். பள்ளிக்கூடம் மட்டும் அவரை எடுத்துக்கொள்ளவில்லை. ஒவ்வொரு தடவை வேலை காலியாகும்போதும் விண்ணப்பிப்பார், ஒவ்வொரு தடவையும் அந்தப் பழைய கடிதம் கோப்பிலிருந்து வெளியே வரும். நேரத்துக்குச் சாப்பிடாமல் வயிற்றுப் புண் வந்தது. நாற்பத்தெட்டு வயது சாகிற வயதா? "இவருக்குச் சொல்லிக்கொடுக்க வராது" என்ற அந்த ஒரு வரியை யாராவது திரும்ப வாங்க வேண்டும் என்பதுதான் அவர் கேட்டது. ஆறுமுகத்திடம் போன மாதம்கூட அதைச் சொல்லியிருக்கிறார்.

சேதி கேட்டுப் பள்ளிக்கூடத்துக்கு லீவு சொல்லிவிட்டு அடுத்த பஸ்ஸில் திண்டிவனம் போனேன். தெரு கொள்ளாத கூட்டம். கொட்டகையில் கிடத்தியிருந்தார்கள். நான் போய் அரை மணி நேரம் இருக்கும், ஒரு கார் வந்து நின்றது. முதலாளி இறங்கினார். ஆள் பெருத்திருந்தார். கையில் ஆளுயர ரோஜா மாலை. அதைப் பிணத்தின் மார்பில் வைத்துவிட்டுப் போயிருந்தால் நான் ஒன்றும் சொல்லியிருக்க மாட்டேனோ என்னவோ. அவர் கூட்டத்தைப் பார்த்துத் திரும்பிக்கொண்டு, குரலைத் தழுதழுக்க விட்டுக்கொண்டு பேசத் தொடங்கினார்.

"நம்ம டுடோரியல்ல வளந்த புள்ள. நான் கைதூக்கி விட்டவரு. அந்தக் காலத்துல ஏதோ கொஞ்சம் சராசரி கொறஞ்சிதுதான். ஆனா உழைப்பாளி."

என் கால் என்னைக் கேட்காமலே எழுந்து நின்றது.

"கொறையல" என்றேன்.

"இன்னா பண்டிதரே?"

"சராசரி கொறையல. ரிஜிஸ்டர் எழுதனவன் நான். இவருகிட்ட பழைய ஆளுங்க நாப்பது பேரு. உங்க மருமவன்கிட்ட பத்து பேரு. ஆள் பிரிச்சி அனுப்புனது நீங்க. எழுதச் சொன்னதும் நீங்க. புது ஆளுங்கள்ளயும் இவருதான் மேல, பழைய ஆளுங்கள்ளயும் இவருதான் மேல. சொல்லிக்குடுக்க வராதுன்னு பள்ளிக்கூடத்துக்குப் பொய் லெட்டர் எழுதனீங்க. அது பொய்யின்னு இங்க சொல்லிட்டு மாலய வச்சிட்டுப் போங்க."

அந்தப் பள்ளி நிர்வாகியும் அங்கே நின்றிருந்தார்.

"செத்த எடத்துல வந்து கணக்கு பேசிக்கினு..." என்று முதலாளி இழுத்தார்.

"சொல்ல மாட்டீங்களா?"

அவர் சொல்லவில்லை. வேட்டி நுனியைப் பிடித்துக்கொண்டு நின்றார். நான் குனிந்து, வேதாசலம் அவர்களின் மார்பிலிருந்து அந்த மாலையை எடுத்து, அவருடைய கையிலேயே திருப்பிக் கொடுத்தேன். பிணத்தின் மேல் போட்ட மாலையை எடுக்கலாமா என்று ஒரு கிழவர் முணுமுணுத்தார். எடுக்கக்கூடாதுதான், தெரிந்தேதான் எடுத்தேன். அதை எங்கே வைப்பது என்று தெரியாமல், இரண்டு கையிலும் பிடித்தபடி முதலாளி கூட்டத்துக்கு நடுவே காரை நோக்கி நடந்தார். யாரும் வழிவிடவில்லை. அவரே இடித்துக்கொண்டுதான் போனார். அவர் முகம் போன போக்கை நான் கண் கொட்டாமல் பார்த்தேன். சந்தோஷமாக இருந்தது. அதை மறைக்க மாட்டேன்.

அந்தச் சந்தோஷத்தோடு திரும்பினேன். தலைமாட்டில் உட்கார்ந்திருந்த ராஜேஸ்வரி அம்மாள் என்னை நிமிர்ந்து பார்த்தார்கள். அழுது அழுது குரல் கம்மிப்போயிருந்தது. ஆனால் ஒவ்வொரு வார்த்தையும் தெளிவாகக் கேட்டது.

"பன்னெண்டு வருசம் இத வாயிலயே வச்சிக்கினு எங்க இருந்தீங்க? நேத்து வந்து சொல்லியிருந்தாகூட அவரு காதுல விழுந்திருக்குமே."

நான் கொட்டகையை விட்டு வெளியே வந்து தெருவில் நின்றேன்.

சாயங்காலம் எடுத்தார்கள். ஆறுமுகமும் இன்னும் மூன்று பேரும் தோள் கொடுத்தார்கள், நான்கு பேரும் சர்க்கார் குமாஸ்தாக்கள். என்னை யாரும் கூப்பிடவில்லை. நான் கடைசி ஆளாகத் தெருமுனை வரை நடந்து, அங்கேயே நின்றுவிட்டேன்.

வேதாசலம் அவர்களே, அந்த மனிதரை நான் மன்னிக்கவில்லை. இந்த மலர் ஊர் ஊராகப் போகும், எல்லாரும் படிப்பார்கள். நான் உயிரோடு இருக்கும் வரை, அவர் மன்னிப்புக் கேட்காமல் விடப்போவதில்லை. நீங்களும் என்னை மன்னித்துவிட வேண்டாம். போய்வாருங்கள்.